வறண்ட முகமும் புதிய பூச்சும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம்மவர் நாவிற் பயின்று வரும் பழமொழி. அகத்தின் அழகு தெரிகின்றதோ இல்லையோ, வீசும் காற்றும், குளிக்கும் நீரும், தேய்க்கும் சோப்பும் முகத்திலே தவறாமல் தெரிகின்றன என்பதை யான் என் இரண்டாண்டு விடுதி வாழ்க்கையிற் கற்றுக்கொண்டேன். தொல்காப்பியமும் சிலம்பும் பயிலும் மாணவி ஒருத்தி முகப்பூச்சைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், இரவிலே படிப்பு மணி அடங்கியபின் நம் விடுதியில் எத்தனை அறைகளில், எத்தனை கிண்ணங்களில், என்னென்ன பொருள்கள் குழைக்கப்படுகின்றன என்பதை அறிந்தோர் நகையார். பலரும் செய்வதும், ஏன் செய்கின்றோம் என்று எவரும் எண்ணிப் பாராததுமாகிய ஒன்றை விளக்குதல் வீண் தொழிலாகாது என்னும் துணிவாலே இதனை எழுதலானேன்.

யான் கடற்கரையூரிற் பிறந்து வளர்ந்தவள். எங்களூர்க் காற்று ஈரக் காற்று. துவைத்த துணி உலர ஒரு பகல் போதாது என்று என் தாயார் குறைகூறாத நாளில்லை. அங்கிருந்த நாள்வரை என் முகத்தைப் பற்றி யான் நினைத்ததேயில்லை. இவ்வூரோ உள்நாட்டூர். ஆடித் திங்களிலே மேற்கேயிருந்து வருங்காற்று, தான் சுமந்துவந்த மழையை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு புழுதியை வாரிக்கொண்டு நம்மிடம் வருகின்றது. நீரும் உவர்நீர். சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. வாளியின் ஓரத்தில் வெண்படலம் படிகின்றது. வந்த மூன்றாந் திங்களிலே என் கன்னங்கள் சொரசொரத்தன, உதட்டோரம் வெடித்தது, நெற்றியிலே சாம்பல் பூத்தாற்போலச் செதிள்கள் எழுந்தன. சிரித்தால் முகம் இழுத்துப் பிடித்தது.

அக்காலத்தே தமிழ்ப் பேரவையின் சொற்போர் அணுகிக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்பின் சார்பாக யான் பேசுவதென்று முடிவாகியிருந்தது. மேடையேறும் முகம் பொலிவாயிருத்தல் வேண்டுமென்று எனக்கு ஆசை எழுந்தது. அடுத்த அறையிலிருந்த அக்கா ஒருவர் அன்போடு ஒரு வழி சொன்னார். கடையில் விற்கும் முல்தானி மட்டிப் பொடியை எலுமிச்சம்பழச் சாற்றில் குழைத்துப் பூசி, நன்றாகக் காய்ந்து இறுகும்வரை இருந்து, பின் கழுவுக என்பதே அவ்வழி. தமக்கு அதனால் முகம் தெளிந்ததென்றும் அவர் கூறினார். அவர் கூறியது பொய்யன்று. ஆயின் அவர் முகம் எண்ணெய் வழியும் முகம். என் முகமோ வறண்ட முகம். இவ்வேறுபாட்டை அவரும் எண்ணவில்லை, யானும் எண்ணவில்லை.

பூசிய சிறிது பொழுதில் எரிச்சல் தோன்றிற்று. "எரிந்தால்தான் வேலை செய்கின்றது என்று பொருள்" என யானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மண் காயக் காய முகம் இறுகிற்று. அவ்விறுக்கத்தையும் நன்மையென்றே கொண்டேன். மூன்று நாள் இவ்வாறு செய்தேன். நான்காம் நாட் காலையில் இரு கன்னங்களும் சிவந்து, தோல் உரிந்து, வெந்நீர் பட்டாற்போற் காந்தின. சொற்போர் நாளன்று யான் தலைவலியென்று பொய் சொல்லி அறைக்குள் இருந்துவிட்டேன். எனக்குப் பதிலாக வேறொரு தோழி, முன்னேற்பாடு ஒன்றுமின்றி மேடையேறித் தடுமாறினாள். முகத்தைக் காக்கப் புகுந்து மேடையையும் இழந்து, ஒரு தோழியையும் இடருக்குள்ளாக்கினேன். அந்நாணமே என்னை இப்பொருளை ஆராயத் தூண்டிற்று.

தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவ்வம்மையார் என் முகத்தைப் பார்த்துவிட்டு மருந்தெழுதுமுன் ஒரு வினா எழுப்பினார். "வறண்ட தோலில் குறைந்து போனது எது? சொல்லம்மா, பார்ப்போம்" என்றார். "எண்ணெய்ப் பசைதான், அம்மா" என்று உடனே விடையிறுத்தேன். அவர் புன்முறுவல் செய்து ஒரு சோதனையின் வரலாற்றைக் கூறினார். இக்கட்டுரை முழுவதற்கும் அச்சோதனையே அச்சாணியாதலின் அதனை ஈண்டு எடுத்துரைப்பேன்.

1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே இர்வின் பிளாங்க் என்னும் ஆய்வாளர் ஒருவர், காய்த்துத் தடித்த மனிதத் தோலின் துண்டுகளை எடுத்து உலரவைத்தார். உலர்ந்த துண்டு சருகுபோல் விறைத்தது. வளைத்தால் முறியும் நிலையடைந்தது. அதனை எண்ணெயில் ஊறவிட்டார். ஊறியும் விறைப்பு நீங்கவில்லை. பின்பு நீரில் இட்டபோதோ அது நெகிழ்ந்து வளைந்துகொடுத்தது. தோலுக்கு மென்மை தருவது எண்ணெயன்று, நீரே என்பது இதனால் விளங்கிற்று. தோலின் மேற்படையில் உள்ள நீர் நூற்றுக்குப் பத்துப் பங்கின் கீழ்க் குறையுமாயின் அது விறைத்துச் செதிள் எழும் என்பதும் அறியப்பட்டது.

எனின், எண்ணெய் பூசுதல் பயனற்றதோ? அன்று. நீர் மென்மையைத் தருவது. எண்ணெய் அந்நீர் போகாமற் காப்பது. குடத்துக்கு நீரும் வேண்டும், மூடியும் வேண்டும். வெறுங்குடத்தை மூடிவைத்தலாற் பயனில்லை. நிறைகுடத்தைத் திறந்து வெயிலில் வைத்தலாலும் பயனில்லை. வறண்ட முகத்துக்குச் செய்யும் பண்டுவமெல்லாம் இவ்விரண்டு தொழில்களுள் அடங்கிவிடும். எந்தப் பூச்சையும் மதிப்பிடுமுன், "இது நீரைத் தருகின்றதா? தந்த நீரைக் காக்கின்றதா? அன்றி உள்ள நீரையும் கொண்டுபோகின்றதா?" என்று வினவுதல் வேண்டும்.

இனித் தோலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நாம் தொட்டுணரும் மேற்படை உயிரற்ற செல்களால் ஆயது. அதன் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கே. அவ்வளவு மெல்லிய படலத்துள் பதினைந்து இருபது அடுக்குகள் உள்ளன. அறிஞர் இதனைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடுவர். செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணச் சாந்து. இச்சாந்திலே செராமைடு என்னும் கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகும். எஞ்சிய பகுதியிற் கொலஸ்டிராலும் கொழுப்பமிலங்களும் பெரும்பங்கு கொள்ளும். செங்கற்களாகிய செல்களுக்குள்ளே நீரைப் பற்றிவைக்கும் சில பொருள்கள் உண்டு. ஃபிலாக்ரின் என்னும் புரதம் சிதைந்து தரும் அமினோ அமிலங்களும், லாக்டிக் அமிலமும், யூரியாவும் அவற்றுட் சில. செல்லுள் நீரைப் பிடிப்பன இவை. வெளியேறாமல் தடுப்பது சாந்து.

இச்சுவர் எத்துணை உறுதியாயினும் சிறிதளவு நீர் அதனூடே கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். வியர்வை என்று நாம் உணராமலே உடல் முழுவதிலுமிருந்து நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லி லிட்டர் நீர் இவ்வாறு நீங்குகின்றது என்பர். சாந்து பெயர்ந்த சுவரிலோ கசிவு பெருகும். வறண்ட காற்று அக்கசிவை ஆவலோடு பருகும். சுடுநீரும் சோப்பும் அழுக்கோடு சாந்தையும் சேர்த்துக் கரைக்கும். உவர்நீரில் உள்ள சுண்ணச் சத்து சோப்போடு கூடிக் கரையாத படலமாய்த் தோல்மேல் தங்கும். நாளுக்கு நான்குமுறை சோப்பிட்டு முகங்கழுவி, கழுவியபின் தோன்றும் இறுக்கத்தைத் தூய்மையென்று எண்ணி யான் மகிழ்ந்திருந்தேன். அவ்விறுக்கம் தூய்மையின் அடையாளமன்று, தோலின் முறையீடு.

சிலர்க்கு வறட்சி குடிவழியாகவே வருதலும் உண்டு. முன்னர்க் கூறிய ஃபிலாக்ரின் புரதத்தை ஆக்கும் மரபணுவில் உள்ள குறையே தோலிற் செதிள் படரும் ஒருவகை நோய்க்கும், கரப்பான் வகையைச் சேர்ந்த தோலழற்சிக்கும் காரணங்களுள் ஒன்றென்று 2006-ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆதலின் வறண்ட தோலுடையாரை நோக்கி, "நீ உடம்பைப் பேணுவதில்லை" என்று இடித்துரைப்பது பல வேளைகளில் அறியாமையாகும்.

இனி என் முதற்பூச்சுச் செய்த தீங்கு எளிதில் விளங்கும். முல்தானி மட்டி என்பது, இன்று பாகிஸ்தானிலுள்ள முல்தான் நகரின் பெயரால் வழங்கும் ஒருவகைக் களிமண். எண்ணெயை உறிஞ்சுதல் அதன் இயல்பு. கம்பளி நெய்வோர் ஆட்டுமயிரின் கொழுப்பை நீக்குதற்கு இத்தகைய மண்ணையே பயன்படுத்தினர். எண்ணெய் மிகுந்த முகத்தில் அது நண்பனாகலாம். எண்ணெய் இல்லாத முகத்திலோ இருக்கும் சாந்தையும் சுரண்டும் பகைவன். அதனைக் காய்ந்து இறுகவிடின் தீங்கு இரட்டிக்கும். உலர்கின்ற மண் தோலின் ஈரத்தையும் தன்பால் இழுக்கும்.

எலுமிச்சம்பழச் சாற்றின் செயல் இதனினும் கொடிது. பொருள்களின் புளிப்பை அறிவியலார் பி.எச். என்னும் அளவையால் அளப்பர். ஏழு என்பது நடுநிலை. அதன் கீழே ஓரெண் இறங்குந்தோறும் அமிலத்தன்மை பதின்மடங்கு பெருகும். நலமுடைய தோலின் அளவு ஏறத்தாழ ஐந்து. இம்மெல்லிய புளிப்புத் தோலுக்குக் காப்பென்பதை ஜெர்மானிய அறிஞராகிய ஷாடே, மார்கியோனினி என்னும் இருவர் 1928-ஆம் ஆண்டில் விளக்கி, அதற்கு அமிலப் போர்வை என்னும் பொருளமைந்த பெயரும் இட்டனர். எலுமிச்சம்பழச் சாற்றின் அளவோ ஏறத்தாழ இரண்டு. மூன்றெண் வேறுபாடு ஆயிரம் மடங்கு வேறுபாடாகும். இத்துணைப் புளிப்பை வெடித்த தோலில் ஊற்றி, எரிச்சலை நன்மையென்று கொண்டது என் பேதைமையன்றோ? அன்றியும், எலுமிச்சையினத்துப் பழச்சாறு பட்ட தோலில் வெயிலும் படுமாயின், கொப்புளமும் நெடுநாள் நீங்காத கருந்தழும்பும் தோன்றுதலும் உண்டு. சோப்பின் அளவு எதிர்ப்புறமாய் ஒன்பது பத்தென நிற்கும். என் முகம் நாள்தோறும் சோப்பின் பக்கமும் எலுமிச்சையின் பக்கமும் மாறிமாறி அலைக்கழிக்கப்பட்டது.

மருத்துவர் தந்த மருந்தால் இரண்டு கிழமைகளிற் புண் ஆறிற்று. ஆறியபின், "இனி எந்தப் பூச்சும் வேண்டாவோ, அம்மா?" என்று கேட்டேன். "வேண்டுமாயின் செய்யலாம், ஆனால் எதற்காகச் செய்கின்றாய் என்று தெரிந்து செய்" என்றார். அவர் இசைவோடு யான் அமைத்துக்கொண்ட புதிய பூச்சு இதுவாகும்:

மேசைக்கரண்டியால் இரண்டளவு ஓட்ஸை நன்றாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுதல் வேண்டும். அதனோடு தேக்கரண்டியால் ஓரளவு தேன் சேர்த்து, தோல் சீவித் துருவிய வெள்ளரிக்காயின் சாற்றை வேண்டிய அளவு விட்டுக் கூழ்போற் குழைத்தல் வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டால் கூழ் வழுவழுப்படையும். குளிர்ந்த நீரால் முகத்தை நனைத்து, துடையாமலே, கண்ணும் வாயும் நீக்கி இதனைப் பூசவேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைத்தலாகாது. காயத் தொடங்குமாயின் அதற்கு முன்னரே நீக்கவேண்டும். தேய்த்து உரிக்காமல், நீரிட்டு நெகிழ்த்து வழித்தெடுத்தல் நன்று. சோப்பு வேண்டா. மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் முற்றும் போகுமுன் மூன்று நிமிடங்களுக்குள்ளாக நாலைந்து துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் அழுத்தித் தடவவேண்டும்.

ஒவ்வொரு பொருளும் ஏன் சேர்க்கப்பட்டது என்பதைக் கூறுவேன். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். அது நீர் தருவது. தேனிலே ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைப் பொருள். சர்க்கரை நீரைப் பற்றி வைக்கும். ஓட்ஸ் நீரில் ஊறித் தரும் வழுவழுப்பு தோல்மேற் படலமாய்ப் படிந்து காக்கும், அரிப்பையும் தணிக்கும். மிக நுண்ணிதாக அரைத்த ஓட்ஸ் மாவைத் தோற்காப்புப் பொருளாக அமெரிக்க நாட்டின் உணவு மருந்து ஆட்சியகம் 2003-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இறுதியில் தடவும் தேங்காயெண்ணெய் குடத்தின் மூடி. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர் வறண்ட தோலுடைய 34 பேரைக் கொண்டு தேங்காயெண்ணெயையும் தூய கனிம எண்ணெயையும் ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்த பயன் தந்தன. எங்கள் ஆச்சி குளித்தெழுந்த குழந்தைகளின் ஈர உடம்பில் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் எனக்கு நினைவு வந்தது. பிளாங்கின் சோதனையை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் முதலில் நீர், பின்னர் எண்ணெய் என்னும் முறையை அவர் கை அறிந்திருந்தது.

நீரும் எண்ணெயும் ஒருங்கே தரும் முறை மேனாட்டார்க்கும் பழமையானதே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் பூச்சு, தேன்மெழுகும் ஒலிவ எண்ணெயும் பன்னீரும் கூடியது. பன்னீர் ஆவியாகுங்கால் குளிர்ச்சி தருதலின் அதனைக் குளிர்களிம்பு என்றழைத்தனர். பெயரும் புட்டியும் மாறினும், இன்று கடைகளில் விற்கும் களிம்புகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

முன்னர் ஒருமுறை சுட்டுக்கொண்டவள் ஆதலின், புதிய பூச்சை உடனே முகத்திலிட யான் துணியவில்லை. முழங்கையின் உட்புறத்தே சிறிது பூசி இரண்டு நாள் காத்திருந்தேன். சிவப்போ அரிப்போ தோன்றவில்லை. பின்னரும், பூச்சினால் நன்மை உண்டாயிற்றென்று மனம் தானே கற்பித்துக்கொள்ளக்கூடுமே என்னும் ஐயத்தால் ஒரு தேர்வு வகுத்தேன். கிழமைக்கு இருமுறை, இடக்கன்னத்தில் மட்டும் பூச்சு. வலக்கன்னத்தில் அதே பதினைந்து நிமிடம் தூயநீரில் நனைத்த துணி. முடிவில் இரு கன்னத்துக்கும் தேங்காயெண்ணெய். எந்தக் கன்னத்தில் எதை இட்டேன் என்பதை என் அறைத்தோழிக்குச் சொல்லவில்லை. அன்றிரவும் மறுநாட் காலையும் தொட்டுப் பார்த்து எது மென்மை என்று அவளே கூறவேண்டும். இவ்வாறு நான்கு கிழமைகள் செய்தோம்.

கண்டது யாது? பூச்சிட்ட இரவில் அவள் தடுமாறாமல் இடக்கன்னத்தைச் சுட்டினாள். மறுநாட் காலையிலோ சிலபோது இடம் என்றாள். சிலபோது வலம் என்றாள். பெரும்பாலும் "வேறுபாடு தெரியவில்லையே, அக்கா" என்றாள். நான்காங் கிழமையின் முடிவில் இரு கன்னங்களும் ஒருபடியே மென்மையடைந்திருந்தன. செதிள் இருபுறமும் இல்லை. எனக்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. வெள்ளரியும் தேனும் ஓட்ஸும் செய்த தொழிலை, நனைத்த துணியும் துளி எண்ணெயும் செய்துவிட்டனவே! பின்னர் எண்ணிப் பார்த்தேன். அந்நான்கு கிழமைகளிலும் பூச்சொன்றே புதிதன்று. முகத்துக்குச் சோப்பிடுவதை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்திருந்தேன், வெந்நீரை விட்டிருந்தேன், கழுவிய ஒவ்வொரு முறையும் ஈரத்தின்மேல் எண்ணெய் தடவியிருந்தேன். நலம் தந்தவை நாள்தோறும் செய்த அச்சிறு செயல்களே. பூச்சு அவற்றுக்கு ஒரு மாலைப்பொழுதின் துணை. ஒருத்தி முகத்திற் கண்டதை உலகுக்கெல்லாம் விதியென்று கூறேன். ஆயினும் ஒரு பூச்சின் மதிப்பை அன்றிரவு கண்ணாடியிற் காணலாகாது, மறுநாட் காலையிற் காணவேண்டும் என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

கண்ணாடியைப் பற்றி மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். முதற்பூச்சை யான் வாங்கியபோது வறட்சி நீங்குதல் மட்டுமே என் கருத்தாயிருந்ததா? பொதியின் மேல் "வெண்மை" என்றொரு சொல் இருந்தது. அதுவும் என்னை இழுத்தது என்பதை மறையாமல் ஒப்புக்கொள்கின்றேன். வறண்ட தோலின் மேற்புறத்தில் எழும் செதிள்கள் தம்மேற் படும் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும். அதனால் கருந்தோலில் சாம்பல் நிறம் தோன்றும், முகம் மங்கும். ஈரமும் எண்ணெயும் பட்டவுடன் செதிள்கள் படிந்து, மேற்புறம் ஒருசீராகி, ஒளி சிதறாது மீளும், முகம் பொலியும். மழை பெய்தபின் கருங்கல் பொலிவதும் இவ்வாறே. மழை கல்லை வெளுக்கச் செய்யவில்லை. கல்லின் கருமையையே ஒளிரச் செய்தது. பூச்சினாற் கிடைக்கும் பொலிவும் இத்தகையதே. நிறத்தைத் தருவது தோலின் ஆழத்தே உண்டாகும் மெலனின் என்னும் பொருள்; மேலே தடவும் மண்ணும் மாவும் அதனை அணுகா. என் முகத்துக்கு வந்த நோய் வறட்சி, கருமை நோயன்று. நோயல்லாததற்கு மருந்து தேடியதாலேயே நோய் பெருகிற்று.

இதனை முயல விழையும் தோழியர்க்குச் சில எச்சரிக்கைகள் கூறுதல் வேண்டும். பூச்சை அவ்வப்போது புதிதாகவே குழைக்கவேண்டும். கடைக் களிம்புகளிற் கெடாமற் காக்கும் மருந்து உண்டு; நம் கிண்ணத்தில் இல்லை. நீரும் மாவும் இனிப்பும் கூடிய இடத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுமாதலின், எஞ்சியதை மறுநாளைக்கு வைத்தலாகாது. முகப்பரு மிகுந்தோர் தேங்காயெண்ணெயைத் தவிர்த்தல் நன்று. அது மயிர்த்துளைகளை அடைக்கக்கூடும். வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் எந்த உணவுப் பொருளையும் பூசற்க.

"உண்ணும் பொருள்தானே, என் செய்யும்?" என்று கேட்போர் உளர். அவர்க்கு ஜப்பான் நாட்டில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவேன். அங்கே கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த முகச் சோப்பு ஒன்று பெருவழக்காய் விற்பனையாயிற்று. அதனை நாள்தோறும் தேய்த்தவருள் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோர், அதுவரை தீங்கின்றி உண்டுவந்த கோதுமையுணவை உண்ணவியலாத ஒவ்வாமைக்கு ஆளாயினர். 2011-ஆம் ஆண்டில் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது. வயிறு ஏற்பதையெல்லாம் தோலும் ஏற்கும் என்று கொள்ளலாகாது. எரிச்சல், சிவப்பு, நீர்கசிதல், இரவில் உறக்கங் கெடுக்கும் அரிப்பு ஆகியவை தோன்றுமாயின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

இவ்வாண்டும் தமிழ்ப் பேரவையின் சொற்போர் நிகழ்ந்தது. அன்று காலையில் காற்று கடுமையாக வீசிற்று. என் கன்னத்தில் ஒரு சிறு செதில் மீண்டும் தலைகாட்டிற்று. நீரால் நனைத்து, துளி எண்ணெய் தடவிக்கொண்டு மேடையேறினேன். சென்ற ஆண்டு எனக்காகத் தடுமாறிய தோழி முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். பேசி முடித்து இறங்கியபோது, "என் முகம் எப்படியிருந்தது?" என்று அவளைக் கேட்டேன். "முகத்தை யார் பார்த்தார்கள்? இரண்டாவது மேற்கோளை நீ தவறாகச் சொன்னாய், அதைத்தான் எல்லோரும் கவனித்தோம்" என்றாள். அவள் கூற்று மெய்யே. அடுத்த ஆண்டுக்குள் திருத்திக்கொள்ள வேண்டியது அம்மேற்கோள். முகத்துக்கு நீரும் நாலைந்து துளி எண்ணெயும் போதும்.